பந்தயம் கட்டும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூதாட்டத்தில் பணத்தை விட்டவரிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "தெரிஞ்சும் ஏன் விட்ட?" என் நெருங்கிய நண்பனிடம் நானும் அதைக் கேட்டிருக்கிறேன். அவன் பதில் சொல்லவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவனிடம் பதில் இல்லை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை, சொல்ல மாட்டேன் என்று அழுத்தமாக இருக்கிறான் என்றுதான் நினைத்தேன். அதன் பிறகுதான் மூளை அறிவியல் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று தேடித் தேடிப் படித்தேன். அவனும் அவன் வீட்டாரும் இன்னும் பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு, படித்ததை வைத்து எழுதிய பதில்கள் இவை.

ஜெயிப்பதில் கிடைக்கும் சந்தோஷத்துக்காகத்தானே ஆடுகிறார்கள்?

பாதிதான் சரி. டோபமைன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'இன்ப ரசாயனம்' என்று அதைச் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். அது செய்யும் முக்கிய வேலை வேறு.

உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் செல்களின் துடிப்பைப் பதிவு செய்தார். குரங்கின் வாயில் எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்ததும் அந்தச் செல்கள் படபடவென்று துடித்தன. அப்புறம் ஒரு விளக்கு எரிந்த பிறகே சாறு வரும்படி மாற்றினார். குரங்கு அதைப் பழகிக்கொண்டதும் துடிப்பு விளக்கு எரியும் நேரத்துக்கு நகர்ந்துவிட்டது. சாறு வரும்போது சலனமே இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால், வரவேண்டிய அந்த நொடியில் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது.

அதாவது, அந்தச் செல்கள் கணக்கிடுவது எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் கிடைத்தால் 'இதைக் கவனி, மறுபடி செய்' என்று ஒரு குறிப்பு. குறைந்தால் 'இதை விடு' என்று ஒரு குறிப்பு. பீட்டர் டயன், ரீட் மான்டேகு இருவருடன் சேர்ந்து 1997இல் ஷுல்ட்ஸ் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. டோபமைன் என்பது நாம் உலகத்தைக் கற்றுக்கொள்ளும் கருவி.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அதிர்ஷ்டம் மட்டுமே முடிவு செய்யும் சூதாட்டத்தில் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு சுற்றும் புதிது. ஆனால் கற்கும் கருவிக்கு அது தெரியாது. ஒவ்வொரு எதிர்பாராத வெற்றியையும் அது ஒரு பாடமாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கும் வேர் இதுதான்.

அப்படியானால் தொடர்ந்து ஜெயித்தால் சலித்துவிடுமா?

நிச்சயமாக வரும் என்று தெரிந்த பரிசு மூளையை எழுப்புவதில்லை. ஷுல்ட்ஸின் குழு 2003இல் இன்னொன்றைப் பார்த்தது. விளக்கு போன்ற ஒரு முன்குறிப்பு தெரிந்து பரிசு வரும்வரை உள்ள இடைவெளியில் சில டோபமைன் செல்களின் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போனது. பரிசு வருவது உறுதி என்றாலும், வராதது உறுதி என்றாலும் இந்த ஏற்றம் தெரியவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்ற சரிபாதி நிலையில்தான் உச்சம். இதற்கு என்ன பொருள் கொள்வது என்று ஆய்வாளர்களுக்குள் வாதம் உண்டு. ஆனாலும் ஆடியவர்கள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது. சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகள்தான் ஆட்டம், நின்ற பிறகு வருவது வெறும் கணக்கு என்பார்கள்.

இதன் நடத்தைப் பக்கத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே உளவியலாளர் ஸ்கின்னர் காட்டிவிட்டார். எத்தனை கொத்தலுக்கு ஒருமுறை தீனி விழும் என்று தெரியாத புறா விடாமல் கொத்துகிறது. தீனியை நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்துகிறது.

"ஆட்டமே இப்போ பிடிக்கல" என்கிறார். ஆனால் விடமாட்டேன் என்கிறார். பொய் சொல்கிறாரா?

இல்லை. வேண்டும் என்பதும் பிடிக்கிறது என்பதும் மூளையில் தனித்தனி வேலைகள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜும் டெரி ராபின்சனும் இதை எலிகளிடம் பிரித்துக் காட்டினார்கள். டோபமைன் அநேகமாக அற்றுப்போன எலி உணவைத் தேடிப் போவதில்லை. பக்கத்தில் வைத்தாலும் தின்னாது. ஆனால் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் ரசித்து நக்குகிறது. பிடித்தம் அப்படியே இருக்கிறது, தேடல் மட்டும் இல்லை. அடிமைத்தனத்தில் நடப்பது இதற்குத் தலைகீழ். தேடல் ஏறிக்கொண்டே போகும், பிடித்தம் தேய்ந்துபோகும். வீட்டிலுள்ளவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன். "பிடிக்கலைன்னா விட்டுட வேண்டியதுதானே" என்ற வாக்கியம் அவர்களைச் சுடும்.

மயிரிழையில் தவறிப்போனால் ஏன் இன்னும் வெறி ஏறுகிறது? தோற்றதுதானே?

ஒரு ஸ்லாட் ஆட்டத்தைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். நண்பனின் தோளுக்குப் பின்னால் நின்று நான் பார்த்திருக்கிறேன். மூன்று உருளைகள். முதல் உருளை நிற்கிறது: மணி. இரண்டாவது: மணி. மூன்றாவது உருளை மட்டும் மெல்ல, மெல்ல ஓடுகிறது. மணி தெரிகிறது, கோட்டுக்கு வருகிறது, ஒரு விரல் அகலம் கீழே இறங்கி நிற்கிறது. அவன் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தான். வாயிலிருந்து 'ச்சே' என்ற சத்தம் வருவதற்கு முன்பே கட்டைவிரல் அடுத்த சுற்றை அழுத்திவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று வருந்தவும் நேரமில்லை.

கணக்குப்படி மூன்றும் வேறு வேறாக வந்து தோற்பதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. மூளைக்கு இருக்கிறது. கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க்கின் குழு 2009இல் வெளியிட்ட ஸ்கேன் ஆய்வில், இந்த 'நூலிழைத் தோல்வி'யின்போது, உண்மையில் ஜெயிக்கும்போது செயல்படும் அதே ஸ்ட்ரையேட்டப் பகுதிகளும் (பரிசைக் கையாளும் மூளையின் உட்பகுதி) இன்சுலாவும் (உடலின் உணர்வுகளைக் கவனிக்கும் பகுதி) செயல்பட்டன. இனிமையாக இருந்ததா என்று கேட்டால், சாதாரணத் தோல்வியைவிடக் கசந்தது என்றார்கள். இன்னொரு முறை ஆடத் தோன்றுகிறதா என்றால், ஆமாம், அதிகமாக.

ஏன் இப்படி ஓர் அமைப்பு? கல்லெறிந்து மாங்காய் அடிக்கும் சிறுவனை நினைத்துப் பாருங்கள். கல் காம்பை உரசிக்கொண்டு போனால் அது நல்ல செய்தி. கை சரியான திசையில் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் திருத்தினால் போதும். திறமை தேவைப்படும் எல்லாவற்றிலும் 'நெருங்கி வந்தோம்' என்பது பயனுள்ள தகவல். அதற்கு ஊக்கம் கொடுக்கும் மூளை நல்ல மூளை. உருளையில் மட்டும் நெருக்கம் என்று ஒன்று கிடையாது. பொத்தானை அழுத்திய கணத்திலேயே கணினி முடிவை எடுத்துவிட்டது. மெதுவாக நிற்பது போலக் காட்டுவது திரையின் வேலை.

2014இல் கிளார்க்கின் இன்னொரு ஆய்வு வந்தது. மூளைக்காயத்தில் இன்சுலா சேதமானவர்களுக்கு இந்த நூலிழைத் தோல்வியின் இழுப்பே இல்லாமல் போயிருந்தது.

ஆப்பில் அடிக்கடி ஜெயித்ததாகக் காட்டுகிறது. ஆனால் இருப்பு குறைந்துகொண்டே போகிறது. எப்படி?

பல வரிசைகளில் ஒரே நேரத்தில் பந்தயம் கட்ட வைப்பார்கள். 20 கட்டுகிறீர்கள், ஒரு வரிசையில் 8 திரும்பி வருகிறது. நட்டம் 12. ஆனால் இசை, வெளிச்சம், நாணயம் கொட்டும் சத்தம் எல்லாம் வெற்றிக்குரியவை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் இதை அளந்தார்கள். வெற்றி வேடம் போட்ட இந்தத் தோல்விகளுக்கு, உள்ளங்கை வியர்வை உண்மையான வெற்றிக்கு ஏறுவது போலவே ஏறியது. இதை வடிவமைத்தவர்கள்மீது எனக்கு உள்ளபடியே கோபம் இருக்கிறது.

விட்டதைப் பிடிக்கப் போய்த்தான் எல்லாம் போனது. ஏன் அங்கேயே நிறுத்த முடியவில்லை?

"விட்ட இடத்துலதான்டா பிடிக்க முடியும்" என்று என் நண்பன் சொல்வான். ஆடும் எல்லோர் வாயிலும் இந்த வாக்கியம் இருக்கும்.

உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி. உறுதியாக 3,000 கிடைக்கும். அல்லது 80 சதவீத வாய்ப்பில் 4,000 கிடைக்கும், தவறினால் ஒன்றுமில்லை. எது வேண்டும்? 80 சதவீதம் பேர் உறுதியான 3,000ஐ எடுத்தார்கள். இப்போது அதையே நட்டமாக மாற்றுங்கள். உறுதியாக 3,000 போகும். அல்லது 80 சதவீத வாய்ப்பில் 4,000 போகும், தப்பினால் ஒன்றும் போகாது. 92 சதவீதம் பேர் சூதாடத் தயாரானார்கள். (தொகைகள் இஸ்ரேலியப் பவுண்டில். அப்போது 3,000 அங்கே ஒரு குடும்பத்தின் மாத வருமானம் அளவு.)

கவனியுங்கள், இவர்கள் யாரும் சூதாடிகள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கிடையாது. சாதாரண மாணவர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும். லாபத்தில் ஜாக்கிரதையாக இருக்கும் அதே மனிதன், நட்டக் குழிக்குள் விழுந்ததும் துணிந்துவிடுகிறான். இழப்பின் வலி அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது இவர்கள் கணக்கு. எழுந்து போனால் அந்த வலி உறுதியாகிவிடும். இன்னொரு சுற்று ஆடினால் 'இன்னும் முடியவில்லை' என்று ஒரு கதவு திறந்திருக்கும். அந்தக் கதவுக்காகத்தான் அடுத்த பணமும் போகிறது.

இழப்பின் அச்சத்தில், பயத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டலாவுக்கும் பங்கு உண்டு. அரிய மரபணு நோயால் அமிக்டலா இரண்டு பக்கமும் சேதமான இருவரை 2010இல் ஆராய்ந்தபோது, இழப்பு அவர்களுக்குக் கூடுதலாக வலிப்பதாகத் தெரியவில்லை. லாபத்தையும் நட்டத்தையும் ஒரே தராசில் வைத்தார்கள்.

தொடர்ந்து பத்து முறை கறுப்பு வந்தாச்சு. அடுத்தது சிவப்புக்குத்தானே வாய்ப்பு அதிகம்?

இல்லை. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில், எண்ணிட்ட குழிகள் கொண்ட சுழல் சக்கரமான ரூலெட்டில், பந்து தொடர்ச்சியாக 26 முறை கறுப்பில் விழுந்தது. கறுப்பு நீள நீள, 'இனிமேல் சிவப்புதான்' என்று மக்கள் சிவப்பில் கொட்டிக் கொட்டித் தோற்றார்கள். பந்துக்கு ஞாபகம் கிடையாது. ஐரோப்பிய ரூலெட்டில் 37 குழிகள், அதில் 18 சிவப்பு. முதல் சுற்றிலும் 27ஆவது சுற்றிலும் அதே 37இல் 18தான். ஒற்றை எண்ணில் ஜெயித்தால் கட்டிய பணத்தோடு அதைப்போல 35 மடங்கு தருகிறார்கள், குழிகளோ 37. அந்த இடைவெளியில்தான் விடுதிக்குச் சராசரியாக 2.7 சதவீதம் போய்ச் சேருகிறது.

மழைக்கு முன் மேகம், காய்ச்சலுக்கு முன் குளிர் என்று வரிசையைப் பார்த்துக் கணித்தே பிழைத்தவர்கள் நாம். வரிசையே இல்லாத இடத்திலும் மூளை அதைத் தேடும்.

எண்ணை நானே தேர்ந்தெடுத்தால் கொஞ்சமாவது நல்லதில்லையா?

எலன் லாங்கர் 1975இல் வெளியிட்ட சோதனை இது. ஒரு டாலர் லாட்டரிச் சீட்டு. சிலர் தாமே தேர்ந்தெடுத்தார்கள், மற்றவர்களுக்குக் கையில் கொடுக்கப்பட்டது. பிறகு, அதை விற்பதானால் என்ன விலை என்று கேட்டார்கள். கையில் கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாக 1.96 டாலர் கேட்டார்கள். தேர்ந்தெடுத்தவர்கள் கேட்டது 8.67 டாலர். ஜெயிக்கும் வாய்ப்பு இருவருக்கும் ஒன்றே.

1960களில் செயின்ட் லூயிஸ் நகர டாக்ஸி ஓட்டுநர்கள் பகடை ஆடுவதைக் கவனித்த ஒரு சமூகவியலாளர், சின்ன எண் வேண்டுமென்றால் மெதுவாகவும் பெரிய எண்ணுக்கு வேகமாகவும் அவர்கள் எறிவதைக் குறித்து வைத்திருக்கிறார். எறிபவன் கைக்கு அது சரியாகத்தான் தோன்றும்.

உள்ளுணர்வு சொல்வதைக் கேட்கலாமா?

எந்த இடத்தில் என்பதைப் பொறுத்தது. இதற்கு அயோவாவில் நடந்த சீட்டுச் சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அன்டோயன் பெஷாரா, அன்டோனியோ டமாசியோ உள்ளிட்டோர் 1994இல் வெளியிட்டது. மேசைமேல் நான்கு கட்டுகள். கையில் விளையாட்டுப் பணம் 2,000 டாலர். முதல் இரண்டு கட்டுகளில் எந்தச் சீட்டை எடுத்தாலும் 100 டாலர். ஆனால் இடையிடையே பெரிய அபராதம். பத்துச் சீட்டுக்கு 1,000 வந்தால் 1,250 போகும். மற்ற இரண்டு கட்டுகளில் சீட்டுக்கு 50தான், அபராதமும் சிறிது. பத்துச் சீட்டுக்கு 500 வந்து 250 போகும். இது ஆடுபவருக்குத் தெரியாது.

ஆரோக்கியமானவர்கள் முதலில் 100 டாலர் கட்டுகளை நோக்கியே போவார்கள். அடி வாங்கி வாங்கி மெல்ல மற்றதற்கு மாறுவார்கள். கண்ணுக்கும் புருவத்துக்கும் பின்னால், மூளையின் முன்பகுதி அடித்தளத்தில் காயம்பட்டவர்கள் மாறவே இல்லை. இவர்களுடைய அறிவுத்திறன், நினைவாற்றல், பேச்சு எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. 1997இல் உள்ளங்கை வியர்வையையும் சேர்த்து அளந்தார்கள். ஆரோக்கியமானவர்களுக்குப் பத்தாவது சீட்டைத் தாண்டியதுமே, கெட்ட கட்டை நோக்கிக் கை நீளும்போது வியர்வை ஏறத் தொடங்கியது. 'இது சரியில்லையோ' என்று அவர்கள் வாய்விட்டுச் சொன்னது ஏறத்தாழ 50ஆவது சீட்டில்தான். காயம்பட்டவர்களுக்கு அந்த முன்னெச்சரிக்கை வியர்வை வரவேயில்லை. அவர்களில் சிலர் எந்தக் கட்டு கெட்டது என்று சரியாக விளக்கிவிட்டு, அதிலிருந்தே மறுபடி எடுத்தார்கள்.

அந்தக் கடைசி வரியைப் படித்தபோது எனக்கு நண்பனின் முகம்தான் வந்தது. தெரிந்துகொண்டே எடுப்பது என்று ஒன்று இருக்கிறது.

உடல் மனதை முந்தியது என்ற விளக்கத்தை 2004இல் வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். கேள்விகளை நுணுக்கமாகக் கேட்டால், ஆடுபவர்களுக்கு முன்பே ஓரளவு தெரிந்திருக்கிறது என்று காட்டினார்கள். அது நியாயமான மறுப்பு என்றே எனக்குப் படுகிறது. ஆனால் இங்கே நமக்கு வேண்டிய விஷயம் வேறு. அந்த நான்கு கட்டுகளில் கற்க ஏதோ இருந்தது. நல்ல கட்டு என்று ஒன்று உண்மையில் இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில், அடிபட்டுப் பழகிய உள்ளுணர்வு மதிப்புள்ளது. ஸ்லாட்டிலும் ரூலெட்டிலும் நல்ல கட்டு கிடையாது. அங்கே வரும் உள்ளுணர்வு எதிலிருந்தும் பிறந்ததில்லை.

கணக்கு நன்றாகத் தெரிந்தவர்கள்கூட மாட்டிக்கொள்கிறார்களே?

மாட்டிக்கொள்வார்கள். நிகழ்தகவு தெரிந்திருப்பது மூளையின் ஓரிடத்தில், இழுப்பு இன்னோரிடத்தில். தூக்கம் கெட்டால் இன்னும் மோசம். விடிய விடிய விழித்திருந்தவர்கள் லாபத்தின்மேல் கூடுதலாகக் கண் வைத்தார்கள், நட்டத்தை முன்புபோலக் கணக்கில் எடுக்கவில்லை என்று 2011இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. பின்னிரவில் நிறைய பணம் போவது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

இளம் வயதினருக்கு ஆபத்து அதிகமா?

ஆம். பரிசைத் தேடும் பகுதிகள் பதின்ம வயதிலேயே வேகம் எடுத்துவிடும். தடுத்து நிறுத்தும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். பக்கத்தில் நண்பர்கள் இருந்தால் இன்னும் கூடும். 2005இல் ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டில், நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது பதின்ம வயதினர் எடுத்த ரிஸ்க் வெகுவாகக் கூடியது. பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

மாத்திரையால் சூதாட்ட வெறி வருமா?

வரும், இது பலருக்குத் தெரிய வேண்டும். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் டோபமைனைப் போல வேலை செய்பவை. வாழ்நாளில் ஒரு சீட்டுகூட வாங்காத சிலர் இவற்றைச் சாப்பிட ஆரம்பித்த பிறகு சேமிப்பையெல்லாம் ஆடித் தீர்த்திருக்கிறார்கள். 3,090 நோயாளிகளைப் பார்த்த 2010ஆம் ஆண்டு ஆய்வில், இவ்வகை மருந்து எடுப்பவர்களில் 17 சதவீதம் பேருக்குச் சூதாட்டம், அளவில்லாமல் பொருள் வாங்குவது, அளவில்லாமல் உண்பது போன்ற ஏதோ ஒரு கட்டுப்பாடற்ற பழக்கம் இருந்தது. எடுக்காதவர்களில் 7 சதவீதம். டாக்டர் அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ பலருக்கும் அடங்கிவிடுகிறது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. வீட்டுப் பெரியவர் இந்த மாத்திரைகளை எடுக்கிறார் என்றால், பணம் செலவாகும் விதத்தில் ஒரு கண் இருக்கட்டும். புதிதாக ஏதாவது தெரிந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இது நோயா, கெட்ட பழக்கமா?

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அப்போது உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளின் வரிசையில் வைத்தார்கள். 2013இல் மது, போதைப்பொருள் அடிமைத்தனங்களின் வரிசைக்கு மாற்றினார்கள். எந்தப் பொருளும் உடலுக்குள் போகாமலே அந்த வரிசையில் இடம்பெற்ற முதல் நிலை இது. ஆடும் எல்லோருக்கும் இந்த நோய் என்று அர்த்தம் இல்லை. பொய், கடன், மறைத்தல், நிறுத்த முயன்று தோற்பது, நிறுத்தினால் எரிச்சல் என்று பலதும் சேர்ந்து வரும்போதுதான் அந்தப் பெயர்.

சிகிச்சை உண்டா? வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

உண்டு. நல்ல ஆதாரம் உள்ளது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு. மேலே சொன்ன தவறான எண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஆடும் உந்துதல் எழும் நேரம், இடம், மனநிலையைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் வேறொன்றைப் பழக்குவார்கள். சிலருக்கு நால்ட்ரெக்சோன் என்ற மருந்தும் உதவுகிறது.

வீட்டில் முதல் வேலை, பணத்துக்கும் அவருக்கும் நடுவில் நேரத்தைக் கொண்டுவருவது. உந்துதல் எழுந்து அடங்கச் சில நிமிடங்கள் பிடிக்கும், ஆப்போ சில நொடிகளில் பணத்தை எடுத்துக்கொள்கிறது. கணக்கை வீட்டில் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். ஆப்புகளை அழிப்பதோடு நில்லாமல், 'என்னை உள்ளே விடாதே' என்று தளத்திடமே பதிவு செய்யும் வசதி இருந்தால் செய்துவிடுங்கள். கடனை முழுவதுமாக நீங்களே அடைத்துவிடும் அவசரம் வேண்டாம், அது மூளைக்கு இன்னொரு எதிர்பாராத பரிசு. அப்புறம் இன்னொன்று. கடன் வெளியே தெரிந்த நாட்களில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருவது அதிகம். அந்த வாரம் அவரைத் தனியே விடாதீர்கள், மனநல மருத்துவரிடம் உடனே அழைத்துப் போங்கள். கணக்கு வழக்கையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

நிறுத்திய பிறகு ஆசை முழுவதுமாகப் போய்விடுமா?

குறையும், நன்றாகவே குறையும். ஆனால் மூளை கற்றதை அழிப்பதில்லை, அதன்மேல் புதிதாக ஒன்றை எழுதுகிறது. பழைய குறிப்பு ஏதாவது கிடைத்தால் கீழே இருப்பது எட்டிப் பார்க்கும். ஷுல்ட்ஸின் குரங்குக்கு விளக்கு என்றால், ஆடியவருக்கு அது ஒரு சத்தம், ஒரு நிறம், சம்பளம் வந்த குறுஞ்செய்தி.

என் நண்பன் நிறுத்தி நான்கு வருடம் ஆகிறது. போன மாதம் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தோம். முன்சீட்டில் யாருடைய போனிலோ நாணயம் கொட்டும் அந்தச் சத்தம் கேட்டது. பேச்சு நிற்கவில்லை, அவன் கை மட்டும் தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அவனே அதைப் பார்த்துவிட்டான். கையை எடுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "இன்னும் வருது பாரு" என்றான். இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு, கம்பியை விட்டான்.